ஆறாம் எண் நீலச் சட்டை

என் தம்பி ஓட்டும் வேனில் முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு நீலத் துணி சுருட்டிக் கிடக்கும். கண்ணாடியில் பனி படிந்தால் அதை எடுத்துத்தான் துடைப்பான். பஞ்சர் பார்த்த கையைத் துடைப்பதும் அதில்தான். விரித்துப் பார்த்தால் அது கால்பந்துச் சட்டை என்று தெரியும். முதுகில் வெள்ளை எழுத்தில் ஆறு என்ற எண், பாதி உரிந்துபோய் இருக்கும். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது யாராவது பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, நீ புட்பால் ஆடுவியா?" என்று கேட்பார்கள். "கண்ணாடி தொடைக்க வெச்சிருக்கறதுப்பா" என்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை, இப்போது அது அதற்குத்தான் ஆகிறது. அந்த எண்ணை அவனுக்குக் கொடுத்தவர் ஒரு ஜப்பான்காரர். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நல்லவிதமாகச் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் ஒரகடத்தில் கார் உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வாலாஜாபாத்தில் எங்கள் தெருவில் எனக்கு "ஜப்பான்காரம்மா" என்றுதான் பெயர். இந்த வேலையில் முதலில் சொல்லிக் கொடுப்பது இரண்டு விதிகள். பேசுகிறவர் "நான்" என்றால் நீயும் "நான்" என்றே சொல்ல வேண்டும், "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று தள்ளி நிற்கக் கூடாது. அடுத்தது, சொன்னதில் எதையும் சேர்க்கவும் கூடாது, எதையும் விடவும் கூடாது. அதனால் காலையில் பிளான்ட் தலைவராக நின்று லைன் ஏன் நின்றது என்று கோபப்படுவேன், அடுத்த நிமிடமே ஃபோர்மேனாக மாறி மன்னித்துக்கொள்ளுங்கள் என்பேன். என்னை நானே திட்டி என்னிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சம்பளம் வாங்குகிற பிழைப்பு. வெகுகாலம் அது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது.

அவர் எங்கள் பிளான்டுக்கு அட்வைசராக வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, தலை முழுக்க நரை, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். ஒவ்வொரு நாளும் அசெம்பிளி லைனுக்குள் நுழைவதற்கு முன் மஞ்சள் கோட்டருகே நின்று, இடுப்பு வளைய ஒருமுறை குனிவார். வெளியே போகும்போதும் அப்படியே. லைனில் இருந்தவர்களுக்கு முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மிஷினுக்கே கும்புடு போட்ற மன்சன், நம்மள எப்படி வெச்சிப்பாரு பாரு" என்று ஒரு அண்ணன் சொன்னார். அப்போது எல்லோரும் அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அவர் பந்தாடியவர் என்பது சாப்பாட்டு இடைவேளையில்தான் தெரிந்தது. லோடு ஏற்றுமிடத்துக்குப் பின்னால் பொட்டலில் கான்ட்ராக்ட் ஆட்கள் பேக்கிங் டேப்பைச் சுற்றிச் செய்த பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். என் தம்பியும் அதில் இருப்பான். அவனை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். கான்ட்ராக்ட் என்றால் சாம்பல் நிறச் சட்டை, பர்மனென்ட் என்றால் நீலச் சட்டை, இது எங்கள் பிளான்டில் சுவருக்குக்கூடத் தெரியும். ஒருநாள் அந்த டேப் பந்து தாறுமாறாக உருண்டு அட்வைசர் காலடிக்கு வந்தது. போன் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தாமல் கால் நுனியால் அதை நிறுத்தினார். பந்து செத்தது போல நின்றது. அப்புறம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டிவிட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பி அதையேதான் பேசினான். "அவரு என்னப் பாக்கவே இல்லக்கா. ஆனா பந்து நேரா என் காலாண்ட வந்து நின்னுச்சு."

அதன்பிறகு காரில் போகும்போது கேட்டுக் கேட்டு அவர் கதையை வாங்கினேன். ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மௌனமாக இருக்கிறவர்கூட எதையாவது பேசித்தான் ஆக வேண்டும். வடக்கே பனி கொட்டும் ஒரு சின்னத் துறைமுக ஊரில் பிறந்தவர். பள்ளி அணியில் முதல் வருடம் முழுக்க மூத்தவர்களின் பூட்ஸைத் துடைத்ததுதான் வேலை, பந்தைத் தொட விடவில்லை. பிறகு ஒரு கம்பெனி தன் அணிக்காக அவரை வேலைக்கு எடுத்தது. காலையில் கிடங்கில் பெட்டி அடுக்குவார், மதியத்துக்குமேல் பயிற்சி. கொஞ்ச காலத்தில் அந்த அணி தொழில்முறைக் கிளப்பாக மாறியது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆட்டக்காரராகக் கையெழுத்துப் போட்டார். ஊரில் அவருடைய அப்பா ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம், நிரந்தர வேலையை விட்டவன் என்று. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்தார்.

அவர் ஆடியது நடுக்களம். தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால், ஆறாம் எண். பின்னால் இருந்து வருகிற பந்தை வாங்கி முன்னால் இருக்கிறவனுக்குத் தள்ளிவிட வேண்டும். கோல் போடுகிறவன் பெயர் பேப்பரில் வரும், தடுத்தவன் பெயரும் சில நாள் வரும், நடுவில் ஓடியவனைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள் என்றார். பெரும்பாலான வருடங்கள் இரண்டாம் பிரிவிலேயே கழிந்தன. ஒரே ஒரு முறை கிளப் முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த வருடம் அவர் போட்ட ஒரே கோல், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து அவர் முதுகில் மோதி உள்ளே போனது. ஊர்க்காரர்கள் இன்றுவரை அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்களாம். அடுத்த வருடமே கிளப் கீழே இறங்கியது. அதற்கடுத்து முழங்கால் போயிற்று. அறுவை சிகிச்சை, ஓய்வு, மறுபடி ஓட்டம், மறுபடி வீக்கம். ஒப்பந்தம் எப்போதும் ஒரு வருடத்துக்குத்தான். ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் போன் அடித்தால் எடுக்கவே பயம் என்றார். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை, கான்ட்ராக்ட் தம்பி இருக்கிற எங்கள் வீட்டிலும் அதே பயம்தான்.

கடைசியில் அந்த போன் வந்தது. கிளப் ஆபீஸ் மாடியில் ஒரு சின்ன அறை, மேசையில் டீ. எதிரே உட்கார்ந்திருந்தவர் வேற்று ஆள் இல்லை, பல வருடம் நடுக்களத்தில் அவருக்குப் பக்கத்திலேயே ஓடியவர், ஆட்டத்தை விட்டபிறகு கிளப்பின் நிர்வாகத்துக்குப் போனவர். "இவ்வளவு காலம் உழைத்ததற்கு நன்றி. அடுத்த பருவத்துக்கு உங்களை வைத்துக்கொள்ள என்னால் இயலவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து குனிந்தாராம். இவர் டீயைக் குடிக்காமல் எழுந்து, கதவைத் திறந்து, படி இறங்கும்வரை அந்த மனிதர் நிமிரவே இல்லை. "குனிந்து நிற்கிறவனைத் திட்ட முடியாது. அதற்காகத்தான் குனிகிறார்கள்" என்று அட்வைசர் சொன்னார். அன்று பயிற்சி மைதானத்துக்குப் போகவில்லை என்றும், தன் பூட்ஸை எடுக்க இன்னொருவரை அனுப்பியதாகவும் சொன்னார்.

அங்கே இன்னொரு வழக்கம் உண்டு. வருட முடிவில், கழற்றிவிடப்பட்ட ஆட்டக்காரர்களையெல்லாம் ஒரே மைதானத்தில் கூட்டி, எண் போட்ட பனியன் கொடுத்து ஆடவிடுவார்கள். யாருக்காவது யாராவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஓரமாக நாற்காலியில் கிளப் ஆட்கள் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள். இவர் முழங்காலில் கட்டுப் போட்டு, கட்டு தெரியாமல் நீளமான காலுறை போட்டுக்கொண்டு ஆடினார். தன்னைவிடப் பத்து வயது இளையவர்கள் யாருமே பந்தைக் கொடுக்கவில்லை, எல்லோரும் தானே கோல் போடப் பார்த்தார்கள், பசித்தவன் பந்தியில் பக்கத்து இலையைப் பார்ப்பானா என்றெல்லாம் நான்தான் இப்போது சேர்த்துச் சொல்கிறேன், அவர் சொன்னது "யாரும் பந்து கொடுக்கவில்லை" என்பது மட்டும். யாரும் கூப்பிடவும் இல்லை. கிளப்புக்குப் பணம் போட்ட பழைய கம்பெனி, பெட்டி அடுக்கிய நன்றிக்காக அவரைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அப்படியே வயதேறி, ஒரகடம் வந்து சேர்ந்தார். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு மனம் உருகிப் போயிற்று. இவ்வளவு பட்டவர் இன்னொருவருக்கு அதைச் செய்ய மாட்டார் என்று நினைத்தேன். பட்டவனுக்குத்தானே வலி தெரியும் என்பார்கள். தெரியும்தான். தெரிந்தும் செய்வார்கள் என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

அந்த வருடம் சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு இடையே கால்பந்துப் போட்டி அறிவித்தார்கள். அட்வைசரைப் பயிற்சியாளராகப் போட்டு, டேப் பந்து உதைத்தவர்களையே அணியாக்கினார்கள். பொட்டலில் ரேக் செய்கிற இரும்புக் குழாய்களை இணைத்து கோல் கம்பம் நட்டார்கள். உள்ளே இறங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று மைதானத்துக்குக் குனிய வேண்டும் என்பது அவர் கட்டளை. "முள்ளுச் செடிக்கும் கும்புடா சார்?" என்று கேலி செய்துகொண்டே குனிந்தார்கள். தம்பிக்கு நடுக்களமும் ஆறாம் எண்ணும் கொடுத்தார். பந்து வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒன்றைத்தான் அவர் ஓயாமல் சொன்னார். தம்பி சாலையைக் கடக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும்கூடத் தோளுக்குப் பின்னால் பார்க்க ஆரம்பித்தான்.

அணிக்குச் சட்டை வந்தது. கம்பெனியின் நிறம் நீலம் என்பதால் சட்டையும் நீலம், மார்பில் கம்பெனி பெயர். யாரும் வேறொன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எங்கள் அம்மா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிளான்ட் வாசலில் எத்தனையோ முறை எனக்காகக் காத்திருந்தவர் அவர், நீலச் சட்டை யார், சாம்பல் சட்டை யார் என்று அவருக்குத் தெரியும். தம்பி, "அம்மா, இது பந்து ஆட்ற சட்டைம்மா" என்றான். "ஆட்றவனுக்கே குட்த்தவன் வேலை செய்றவனுக்குக் குடுக்க மாட்டானா?" என்றார் அம்மா. மறுவாரமே பென்னலூரில் பேசிவைத்திருந்த பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார், பையன் பர்மனென்ட் ஆகிவிட்டான் என்று. அந்த வீட்டில் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். பூ வைத்தார்கள், தட்டு மாற்றினார்கள், தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. போட்டியில் ஜெயித்தால் அணியில் இருக்கிறவர்களை பர்மனென்ட் செய்ய முன்னுரிமை உண்டா என்று அட்வைசரே எச்.ஆர். அதிகாரியிடம் என் மூலமாகக் கேட்டார். "பார்க்கலாம் சார், கண்டிப்பா பார்க்கலாம்" என்றார் அதிகாரி. "பார்க்கலாம்" என்பதற்கு எங்கள் ஊரிலும் அவர் ஊரிலும் ஒரே பொருள்தான், இரண்டு ஊரிலும் கேட்கிறவன் அதை வேறுமாதிரி எடுத்துக்கொள்வதும் ஒன்றுதான். நான் எதையும் சேர்க்காமல் விடாமல் சொன்னேன். அட்வைசர் முகம் மலர்ந்தது. தம்பியிடம் அவர் அதைச் சொன்னபோது அவன் முகமும் மலர்ந்தது.

ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தைப் பார்க்க அம்மாவும் வந்திருந்தார், பென்னலூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் தம்பி பந்தை வாங்கி, தோளுக்குப் பின்னால் ஒருதரம் பார்த்து, அப்புறம் பார்க்காமலே எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளினான். அது அங்கே ஓடிவந்தவன் காலில் போய் நின்றது, கோல் ஆயிற்று. எல்லோரும் கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற அட்வைசர் மட்டும் என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கோப்பையை ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு மாடல் காரைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள், அதற்குப் பாகம் செய்த எங்கள் லைனும் நின்றது. லைனில் இருந்த கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்பிவிட முடிவெடுத்தார்கள். வழக்கமாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் காலை கேட்டில் கார்டைக் காட்டினால் கதவு திறக்காது, அவ்வளவுதான் சேதி. அட்வைசர் அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நேரில் சொல்வேன், அது மரியாதை என்றார். எச்.ஆர். அதிகாரிக்குக் கசக்குமா? அட்வைசர் சொன்னால் பையன்கள் சத்தம் போட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. இவர்களை வேறு லைனில் போடக்கூடாதா என்று அட்வைசர் கூட்டத்தில் கேட்டது உண்மை. ஒருமுறை கேட்டார். முடியாது என்றதும் தலையாட்டிவிட்டார். அவருடைய ஒப்பந்தமும் வருடத்துக்கு வருடம்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆட்களைக் கூப்பிட்ட அன்று காலைதான், நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். "சார், அதுல என் தம்பியும் இருக்கான். வேற யாரையாவது உட்கார வைங்க" என்று அதிகாரியிடம் கேட்டேன். "இன்னொரு டிரான்ஸ்லேட்டர் லீவுல இருக்காரு மேடம். நீங்கன்னா தம்பிக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கனிவுகூட இருந்தது. அந்தக் கனிவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

சின்ன அறை. மேசையில் டீ இருந்தது. கான்டீனில் சொல்லி அட்வைசரே வரவழைத்திருந்தார். தம்பி உள்ளே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அக்கா இருக்கிறாள், அட்வைசர் இருக்கிறார், எச்.ஆர். இருக்கிறார், டீ இருக்கிறது, பர்மனென்ட் ஆர்டர்தான் என்று நினைத்துவிட்டான். அவர் ஜப்பானிய மொழியில் சொன்னார். காரில் எனக்குச் சொன்ன அதே வாக்கியம், பருவம் என்ற சொல் மட்டும் மாதம் ஆகியிருந்தது. இவ்வளவு காலம் அதை அவர் மனதிலேயே வைத்திருந்து இதற்குத்தான் எடுத்திருக்கிறார். விதிப்படி நான் சொன்னேன், என் தம்பியைப் பார்த்து, என் வாயால். "இவ்வளவு காலம் உழைத்ததற்கு நன்றி. அடுத்த மாதத்திலிருந்து உங்களை வைத்துக்கொள்ள என்னால் இயலவில்லை."

அட்வைசர் எழுந்து குனிந்தார். தம்பி அவர் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என்னிடம், "இன்னாத்துக்குக் குனியிறாரு? நிமிரச் சொல்லுக்கா. என் மூஞ்சப் பாத்து சொல்லச் சொல்லு" என்றான். குரல் உயரவே இல்லை. அதையும் விதிப்படியே மாற்றிச் சொன்னேன். ஏன் குனிகிறீர்கள், நிமிருங்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் காதில் விழுந்தது என்று அவர் கழுத்து இறுகியதிலேயே தெரிந்தது. நிமிரவில்லை. தம்பி டீயைக் குடிக்காமல் வெளியே போனபிறகும் வெகுநேரம் அப்படியே நின்றார். எச்.ஆர். அதிகாரி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். நடுக்களத்துக்காரரின் வேலை பின்னால் இருந்து வருவதை வாங்கி முன்னால் இருப்பவனிடம் தள்ளிவிடுவதுதானே. மேலே இருந்து வந்ததை வாங்கி என் தம்பியிடம் கச்சிதமாகத் தள்ளிவிட்டார்.

பென்னலூரிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். சண்டை போடவில்லை. நிலத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு, அதில் ஒன்றின் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருப்பவர் அவர், கான்ட்ராக்ட் என்றால் என்னவென்று எங்களைவிட அவருக்குத் தெரியும். "சட்டையெல்லாம் காட்டினீங்களேம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் போனபிறகு, "நான் இன்னாத்த கண்டேன், ப்ளூவா இருந்துச்சு, நம்பிட்டேன்" என்று அம்மா அழுதார். தம்பி அந்தச் சட்டையை எடுத்து வண்டி துடைக்கிற துணியோடு போட்டான், பிறகு வேன் ஓட்டப் போனபோது அதுவும் கூடப் போனது. தையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை வேறு கம்பெனியில் பர்மனென்ட்.

அட்வைசருக்கும் அந்த வருடமே ஒப்பந்தம் முடிந்தது. விமான நிலையம்வரை நான்தான் கூடப் போனேன், அதுவும் வேலைதான். வழியில் யாருக்காகவும் இல்லாமல் எனக்காக ஒரு கேள்வி கேட்டேன். "கிளப்பில் உங்களிடம் அன்று சொன்னாரே, அவரை மன்னித்துவிட்டீர்களா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே, "இல்லை" என்றார். "என் தம்பியும் மன்னிக்க மாட்டான்" என்றேன். "ஆமாம்" என்றார். இறங்கியதும் குனியப் போனார். நான் காத்திருக்காமல் வண்டிக்குள் ஏறிவிட்டேன், ஒருவர் குனிவதை நின்று பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். வீட்டில் ஒருவர் சம்பளமாவது நிலையாக வர வேண்டும். இந்த வருடம் புது லைன், புது அட்வைசர், புது கான்ட்ராக்ட் ஆட்கள். மறுபடியும் போட்டி என்றார்கள். நேற்று எச்.ஆர். அறையில் அட்டைப் பெட்டியைப் பிரித்துச் சட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அட்வைசர் வாழ்த்துச் சொல்ல நான் பக்கத்தில் நின்றேன். சாம்பல் சட்டைக்காரர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் இருக்கும், வாங்குமுன் மெதுவாகக் கேட்டார். "மேடம், இது பர்மனென்ட் கலரு தானே?" எச்.ஆர். அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஜெயிச்சிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். அட்வைசர் என்னைப் பார்த்தார், மாற்றிச் சொல்வதற்காக. நான் அவரைப் பார்க்கவில்லை. "இது பந்து ஆட்றப்போ போட்டுக்குற சட்டை. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா. வூட்ல அம்மாகிட்ட இத சொல்லிடு" என்றேன். அதிகாரி முகம் மாறியது. அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசுவார், பேசட்டும். அந்த ஆள் நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, சட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் தம்பியின் வேனில் வீட்டுக்குக் கிளம்பினேன். மழை. உள்ளே ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்ததில் முன்கண்ணாடியில் மூச்சு படிந்து சாலை தெரியவில்லை. நடந்ததை அவனிடம் சொன்னேன். அவன் அந்த நீலத் துணியை எடுத்து உதறினான்.

"இந்த வர்ஷமும் ப்ளூதானா?"

"ப்ளூதான்."

ஆறாம் எண் பக்கமாக மடித்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தான். தோளுக்குப் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.